பாதி மாத்திரைப் பாசம்

நன்றி கெட்டவளாமே! சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும். வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்?

"புற்றுநோய்ல படுத்தவளை அண்ணன் பொண்டாட்டி அப்படித் தாங்குனா. எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் பையைத் தூக்கிட்டா பாருங்க" என்று எதிர்வீட்டுத் தையல்காரி ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில்கூட நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முனைக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேல். அவளுக்கு வெளியில் யாரோ ஆள் இருக்கிறார் என்று அவரே கண்டுபிடித்து, அவரே அதிர்ச்சியும் அடைந்துவிட்டார். காலையில் சட்டைப் பொத்தானைப் போடவே விரல் மடங்காதவள், ஆள் தேடிக்கொண்டு ஓடினாளாம். அவள் எதற்காக அந்தப் படியிறங்கினாள் என்று ஒருவராவது அவளிடம் கேட்டார்களா? கேட்டால் பதில் கிடைத்துவிடுமே, அப்புறம் எதைப் பேசுவது!

பெரிய லாண்டரியில் அவளுக்குப் பெயர் கறையக்கா. தங்கும் விடுதிகளின் படுக்கைவிரிப்பும் ஆஸ்பத்திரிகளின் போர்வையும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற இடம் அது. கீழ்த்தளத்தில் சன்னலே கிடையாது. ஆவியும் ஈரமும் சோப்பு நெடியும்தான் அங்கே காற்று. இரும்பு டிரம்கள் ஒரு பக்கம் உருளும், துணியை அழுத்திக் காயவைக்கிற நீள உருளைகள் ஒரு பக்கம் புகையும். நடுவில் ஒரு கல்மேசை. டிரம்மில் போய் வந்தும் போகாத கறைகள் எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர், மறந்தும் வெந்நீர் கூடாது. சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் துணியோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். மைக்கு ஸ்பிரிட், எண்ணெய்க்குச் சுண்ணாம்புத் தூள். இருபது வருடத்துக்கு மேல் அந்த மேசையில் நின்று, ஊரார் படுக்கையில் நடந்ததை எல்லாம் யாரிடமும் சொல்லாமல் துவைத்து அனுப்பியவள் அவள். அவளைத்தான் இந்தத் தெரு துவைக்கிறது.

அந்தக் கூடத்தில் ஒரு பெல் உண்டு. அழுக்கு வண்டியைத் தள்ளி வருகிறவர் கதவோரம் இருக்கும் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் மெஷின்காரர் ஆவியைத் திறந்து டிரம்மை ஓட்டுவார். அழுத்தியது யார், வண்டி வந்ததா, துணி இருக்கிறதா என்றெல்லாம் எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பெல் அடித்தால் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு உத்தியோகம். ஒருமுறை சுவரில் சாய்த்து வைத்த துடைப்பம் சரிந்து பொத்தானில் விழுந்தது. மனிதர் காலி டிரம்மை மத்தியானம் வரை ஓட்டினார். கேட்டதற்கு, "பெல் அடிச்சுதா இல்லையா?" என்றார். இந்த மெஷின்காரரை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

புருஷன் கல்யாணமான சூட்டோடு போய்ச் சேர்ந்ததும் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். குழந்தை இல்லை. அண்ணி வா என்றாள், வந்தாள். அதற்கப்புறம் அங்கே எது யாருடையது என்ற பேச்சே இல்லை. வீட்டுக்கு ஒரே சீப்பு. ஒரே வாசிப்புக் கண்ணாடி, மூன்று மூக்குக்கும் முறைவைத்து ஏறும். மருந்துக்கும் அப்படித்தான், ஒரு பிஸ்கட் டப்பா. அண்ணனின் முழங்கால் மாத்திரை, அண்ணியின் பிரஷர் மாத்திரை, என்றைக்கோ வந்த காய்ச்சலில் மிஞ்சியது, யாரோ விருந்தாளி மறந்துவிட்டுப் போனது, எல்லாம் அதற்குள் ஒற்றுமையாக இருக்கும். யாருக்கு எங்கே வலித்தாலும் டப்பா திறக்கும், கைக்கு அகப்பட்டதுதான் மருந்து. அண்ணன் ஒருமுறை கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைக் காதில் விட்டுக்கொண்டு, "இப்ப நல்லாத் தெளிவாக் கேக்குது" என்றார். அவ்வளவு விவரமான குடும்பம்.

குளிக்கும்போது இடது மார்பில் கொட்டைப்பாக்கு போல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. போகட்டும், பார்க்கலாம் என்று விட்டுவைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெட்டி எடுத்தார்கள். எடுத்ததில் கொஞ்சம் சோதனைக்குப் போயிற்று. முடிவு வந்த அன்று அண்ணியும் கூடப் போனாள். அண்ணி இல்லாமல் அந்த வீட்டில் யாரும் ஊசிகூடப் போட்டுக்கொள்ள முடியாது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க கட்டியை மெல்லிசாச் சீவி ஒரு சாயம் போட்டுப் பார்த்தோம்மா. பத்து செல்லுக்கு எட்டுல நல்லாப் பழுப்புக் கறை பிடிச்சிருக்கு. நல்ல சேதிதான்."

"கறை பிடிச்சா நல்ல சேதியாம்மா?" என்றாள் இவள். "எங்க இடத்துல சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

டாக்டரம்மா பொறுமைசாலி. அந்தக் கறை எங்கே பிடிக்கிறதோ அங்கே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து உட்காருகிற இடம் இருக்கிறது என்று அர்த்தமாம். ஏற்பி என்பார்கள். ஈஸ்ட்ரோஜன் வந்து அதில் பொருந்தியதும் செல்லுக்கு ஓர் உத்தரவு கிடைக்கிறது, 'பெருகு' என்று. நல்ல செல் கேட்டுக்கொண்டு அளவோடு நிற்கும். புற்றுச் செல் நிற்காது. அப்படி உத்தரவு கேட்டு வளர்கிற கட்டி என்று தெரிந்துவிட்டால், உத்தரவு வராமல் தடுக்கலாமே, அதனால்தான் நல்ல சேதி.

"பெல்லு" என்றாள் கறையக்கா.

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா. எங்க மெஷின்காரர் ஞாபகம் வந்துச்சு. நீங்க சொல்லுங்க."

அண்ணியால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "இவளுக்குத்தான் எல்லாம் நின்னு வருஷக்கணக்காச்சே டாக்டர். இன்னும் எங்கேர்ந்து வருது அந்த ஹார்மோன்?"

"சூலகம் கடையை மூடிருச்சு, சரி. உடம்புல இருக்கிற கொழுப்பு பின்வாசல் வழியா வியாபாரம் பண்ணிட்டுத்தான் இருக்கும். வேற ஒரு ஹார்மோனை வாங்கி இதா மாத்திரும். கொஞ்சம்தான், ஆனா இந்தக் கட்டிக்கு அந்தக் கொஞ்சமே போதும்."

அண்ணி தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் அவளிடம் ஒரு தொழிற்சாலையே இருந்தது.

கறையக்காவுக்கு ஒரு சந்தேகம். அழுக்குத் தண்ணீரைப் பற்றியே யோசித்து வாழ்ந்தவள், வேறென்ன கேட்பாள்? "வேலை முடிஞ்ச ஹார்மோன் எங்கம்மா போகும்?"

ஈரலுக்குப் போகும், அங்கே உடைபடும் என்றார் டாக்டரம்மா. உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரே குணமாக இருக்காது. சில துண்டுகள் யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியேறும். சிலதுக்கு உடைந்த பிறகும் அந்த ஏற்பியில் உட்காரத் தெரியும். இன்னும் சில, போகிற போக்கில் செல்லுக்குள் இருக்கும் மரபணுச் சரட்டையே கீறிவிட்டுப் போகும். "எந்தத் துண்டு எவ்வளவு கெடுதல் பண்ணுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். மூலப்பொருளே உள்ளே வராமப் பார்த்துக்குவோம். வெட்டின இடத்துக்கு வெளியே ஒண்ணு ரெண்டு செல் எங்கயாவது பதுங்கித் தூங்கிட்டிருக்கலாம். அதுங்களுக்குச் சாப்பாடு போட்டு எழுப்பிராதீங்க. இந்த மாத்திரை அந்தப் பின்வாசலை அடைச்சிரும். தினமும் ஒண்ணு. வருஷக்கணக்கா. நிறுத்தவே கூடாது."

துடைப்பம் விழுந்தாலும் டிரம் ஓடும். கறையக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணிக்கு 'தொந்தரவு' என்ற ஒரு வார்த்தை மட்டும் விளங்கியது.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. அதை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று இரண்டு மாதத்தில் தெரிந்தது. காலையில் விரல்கள் பழைய கதவுக் கீல் மாதிரி முனகின. ஈர விரிப்பைத் தூக்கினால் தோள் கழன்று மேசையிலேயே தங்கிவிடும் போல இருந்தது. திடீர் திடீரென்று கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் ஏறும்; வியர்வை கொட்டும். ஆவிக்கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு இது ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது.

அண்ணிக்கும் அதே வியர்வை. அவளுக்கு அப்போதுதான் மாதவிலக்கு நின்றிருந்தது. அவளுடைய டாக்டர், வேறு ஒரு டாக்டர், அதற்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். ஹார்மோன் மாத்திரை. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுக்கிற மாத்திரை. போட்டதும் அண்ணி குளிர்ந்து போனாள்.

இப்போது அண்ணியின் மூளை வேலை செய்த அழகைப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே வியர்வை. ஒரு டாக்டர் கொடுக்கிறார், ஒரு டாக்டர் தடுக்கிறார். இரண்டு டாக்டருக்கும் ஏதோ பழைய பகை. தன் மாத்திரை வேலை செய்கிறது என்பது கண்கூடு. சீப்பைப் பங்குபோட்டுக்கொள்கிற வீட்டில் குளிர்ச்சியை மட்டும் தனியாக வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? மாத்திரையை இரண்டாக உடைத்தாள். பாதியைத் தான் போட்டுக்கொண்டாள். மறுபாதியைப் பொடித்து, வேலை முடிந்து வந்த நாத்தனாரின் டீயில் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். சொல்லாமல் கொடுத்தாள், சொன்னால் இவள் வேண்டாம் என்பாளாம். இவள் கேட்காமலே குடித்தாள், அண்ணி கையால் இத்தனை வருடமாகக் குடிக்கிற டீதானே.

மெல்ல மெல்ல வியர்வை அடங்கியது. விரல்கூடக் கொஞ்சம் மடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணன், "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் மனசுதான்" என்றார். அவர் அப்போது எதுவும் சொல்லியிருக்கவில்லை. தையல்காரி சன்னலிலிருந்து, "முகத்துல ஒரு களை வந்திருச்சுக்கா" என்றாள். கறையக்காவும் நம்பினாள். டாக்டரம்மாவின் மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்து, அதை ஒரு நாள் தவறாமல் போட்டாள். ஒரு கை பெல்லைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருக்க, தனக்கே தெரியாமல் மறு கையால் அழுத்திக்கொண்டிருந்தாள் பாவம்.

இந்த நாட்களில் அண்ணிக்கு மட்டும் வியர்வை திரும்ப வந்தது. பாதி மாத்திரையில் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும்? முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டே சமைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் கறையக்கா தன் விரிப்பை மடிக்கும்போது கை நின்றுவிட்டது. ஒரு பொட்டுக் கறை. ஆயிரம் விரிப்பில் பார்த்த கறை, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இது அவளுடைய விரிப்பு, அவளுடைய ரத்தம், எல்லாம் நின்று ஆறு வருடத்துக்கு அப்புறம். பழக்கம் விடுமா, பச்சைத் தண்ணீரில்தான் நனைத்தாள்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். முகம் பூத்துவிட்டது. "ஏண்டி, இளமை திரும்புதுடி உனக்கு!"

"அண்ணி, இது வரக்கூடாது அண்ணி."

"வந்தா என்ன, நல்லதுக்குத்தான் வரும். நீ பேசாம டீயைக் குடி."

அவள் டீயைக் குடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா கர்ப்பப்பையைப் படமெடுத்துப் பார்த்தார், அங்கே கெடுதலாக ஒன்றும் இல்லை. ரத்தத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "உங்க ரத்தத்துல இருக்கவே கூடாத அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கு. மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப வெளியிலேர்ந்து உள்ளே போகுது. வேற என்ன சாப்பிடறீங்க? க்ரீம், டானிக், பொடி?"

"டீதாம்மா."

"நான் மிரட்டல. இப்படியே போனா தூங்கறது எழுந்துக்கும். அப்புறம் வெட்டறதுக்கு ஒரு இடத்துல இருக்காது."

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தையல்காரி எதிரே பிடித்துக்கொண்டாள். வாய் சும்மா இருந்தால் அவளுக்கு வலிக்கும். "என்னக்கா, முகம் வாடியிருக்கு? கவலைப்படாதீங்க. உங்க அண்ணி டீயில போடற பாதி மாத்திரை இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தன் வாய்க்கு வச்சதைப் பிச்சுக் குடுக்கறாங்களே, யாருக்கு வரும் அந்த மனசு?"

தெருவுக்கே தெரியும். முனைக்கடைக்காரருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். குடிக்கிறவளுக்கு மட்டும் தெரியாது.

உள்ளே போய்க் கேட்டாள். அண்ணி மறைக்கவே இல்லை. மறைப்பதற்கு அது என்ன திருட்டா? "ஆமா, நான்தான் போட்டேன். உன் வியர்வை நின்னுச்சா இல்லையா? கை மடங்குச்சா இல்லையா?"

"நின்னதுதான் அண்ணி தப்பு. நீங்க போட்டது அந்தக் கட்டிக்குத் தீனி. டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே இருந்தீங்க?"

"நான் விஷம் வச்சேன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லல. உங்க உடம்புக்கு அது மருந்துதான். என் உடம்புல கேக்கறதுக்குக் காது வச்ச எமன் ஒண்ணு இருந்துச்சு. மிச்சம் எங்க இருக்கோ தெரியாது. அதுக்கு இது அழைப்பு."

அண்ணி அழுதாள். அண்ணன் செய்தித்தாளை மடித்துவிட்டு நியாயம் வழங்கினார். "பாதி மாத்திரைக்கு இவ்வளவு பேச்சா? பாசமாக் குடுத்ததைப் போய்..." அழுத அண்ணி கடைசியில் இனிமேல் போடமாட்டேன் என்றாள். இவளும் நம்பினாள். ஆனாலும் தன் மாத்திரையைப் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து, பூட்டு வைத்த சின்னத் தகரப் பெட்டியில் வைத்தாள். டீயையும் தானே போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், வீடு இடிந்து விழுந்தது. சொந்த வீட்டில் பூட்டா! யாரைத் திருடி என்கிறாள்! அந்தப் பூட்டுத்தான் தெருவுக்கு வந்தது. கட்டி வரவில்லை, ரத்தப் பரிசோதனை வரவில்லை, பூட்டு மட்டும் வந்தது.

வலியும் திரும்பியது. ஒரு சாயங்காலம் லாண்டரியிலிருந்து வந்தவளுக்குச் செருப்பைக் கழற்றக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீ போட எழ முடியவில்லை. அண்ணி அடுப்படிக்குப் போனாள். கரண்டி தம்ளரில் சுற்றுகிற சத்தம் கேட்டது. சர்க்கரை கரைகிற நேரத்துக்கு மேல் சுற்றியது. அதற்கும் மேல் சுற்றியது.

"அண்ணி" என்றாள் இருந்த இடத்திலிருந்தே.

சத்தம் நின்றது. "பாதி இல்லடி" என்று பதில் வந்தது. "பாதியில பாதிதான். கால் மாத்திரை என்ன பண்ணும்? நீ வலியில துடிக்கறதை என்னால பார்க்க முடியல."

பொய் இல்லை அது. முழுக்க முழுக்க நிஜம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பகையாக இருந்தால் சண்டை போட்டு நிறுத்திவிடலாம். இந்தப் பாசம் கால் ஆகும், அரைக்கால் ஆகும், பொடியாகும், ஒருபோதும் நிற்காது. பெல் அடித்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் லாண்டரியில் சொல்லி, மாடியில் பழைய துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு செட் துணியும் தகரப் பெட்டியும் பையில் ஏறின. தையல்காரியின் சன்னல் முழுதாகத் திறந்திருந்தது.

அண்ணன் குரலை உயர்த்தினார். "இந்தப் படி இறங்கினா அப்புறம் ஏறக்கூடாது, சொல்லிட்டேன்."

"ஏறுவேன் அண்ணே. சாப்பிடத்தான் மாட்டேன்."

அண்ணி டீயோடு வந்து வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து, தம்ளரை நீட்டினாள். "இதுல ஒண்ணும் போடலடி. நம்பிக் குடிச்சிட்டுப் போ."

போடாமல்தான் இருந்திருப்பாள். கறையக்கா தம்ளரை வாங்கி, சன்னல் விளிம்பில் வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கைநிறையத் தண்ணீர் பிடித்து, எல்லோரும் பார்க்கத் தன் மாத்திரையை விழுங்கினாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணியின் கழுத்தைத் துடைத்துவிட்டு, அதை அவள் கையிலேயே கொடுத்தாள்.

"நாளைலேர்ந்து முழு மாத்திரையா நீங்களே போட்டுக்குங்க அண்ணி" என்றாள். படியிறங்கினாள்.